புரோட்டீன் பவுடர் வாங்கப் போறீங்களா? முதல்ல தட்டைக் கணக்குப் போடுங்க!

தாமிரபரணி கடலுக்குப் போகும் முன் அதை மறிக்கும் கடைசி அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரியும் வடகால், தென்கால் வாய்க்கால்கள் பாயும் வயல்களில் நெல்லும் வாழையும்தான் பிரதானம். நெல் அறுத்த பிறகு, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பது தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பழக்கமான விஷயம்.

இப்படிப் பயறு விளையும் ஊர்களிலும் இன்று புரோட்டீன் பவுடர் டப்பாக்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டன. ஜிம்முக்குப் போகும் மகனுக்கு ஒன்று, வளரும் பிள்ளைக்கு ஒன்று, 'எப்பவும் சோர்வா இருக்கு' என்று சொல்லும் அம்மாவுக்கு ஒன்று. தினமும் குடிக்கும் அளவுக்கு இது நமக்குத் தேவைதானா?

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம்?

இந்தியர்களுக்கான சத்து அளவுகளை வரையறுப்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இது 1918-ல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கப்பட்ட சிறிய ஆய்வுக்கூடமாகப் பிறந்தது. தீட்டிய அரிசியையே நம்பிச் சாப்பிட்டவர்களைத் தாக்கிய நோய் அது.

இந்த நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவை.

வீட்டுச் சாப்பாட்டில் கிடைக்குமா?

ஒரு நாள் சாப்பாட்டைத் தோராயமாகக் கணக்குப் போடலாம். எல்லாம் சமைக்கும் முன் உள்ள அளவுகள்.

- அரிசி 250 கிராம் (சோறு, இட்லி, தோசை சேர்த்து): 19 கிராம் புரதம்
- உளுந்து 25 கிராம்: 6
- துவரம்பருப்பு 30 கிராம்: 6
- சுண்டலுக்குப் பாசிப்பயறு 30 கிராம்: 7
- பால், தயிர் சேர்த்து 300 மில்லி: 9
- முட்டை ஒன்று: 6

மொத்தம் 53 கிராம். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். மீன் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சுலபம். 100 கிராம் சாளை மீனிலேயே சுமார் 18 கிராம் புரதம் உண்டு.

அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். தோல் உளுந்தும் அரிசியும் சேர்த்துப் பொங்கி, எள்ளுத் துவையலோடு பரிமாறும் நெல்லைப் பக்கத்து உளுந்தஞ்சோறு செய்வதும் இதைத்தான்.

குறை எங்கே இருக்கிறது?

அதற்காக எல்லோருக்கும் போதுமான புரதம் கிடைத்துவிடுகிறது என்று அர்த்தமில்லை. ரசம், ஊறுகாயோடு மூன்று வேளையும் 300 கிராம் அரிசியை மட்டும் சாப்பிட்டால் கிடைப்பது சுமார் 23 கிராம். தேவையில் பாதிகூட இல்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பருப்பு தீர்ந்த பிறகு சாப்பிட உட்காரும் பெண்களும், பல் போனதால் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் பெரியவர்களும்தான் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். இவர்களுக்கு முதலில் வேண்டியது தட்டில் இன்னொரு கரண்டி பருப்பு. மெல்ல முடியாத பாட்டிக்குக் குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, உளுந்தங்களி, தயிர் கொடுக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் வாரம் 5 முட்டை கிடைக்கிறது. பிள்ளை அதைச் சாப்பிடுகிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

பவுடரில் என்ன பிரச்னை?

2024-ல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, உடம்பு ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. இவற்றில் சர்க்கரையும் செயற்கை இனிப்பும் மணமூட்டிகளும் சேர்க்கப்பட்டிருக்கலாம். நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் எலும்பின் தாதுச்சத்தும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்றும் எச்சரிக்கிறது. ஜிம் பயிற்சி செய்பவர்களுக்கும்கூட, ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராமுக்கு மேல் போகும் புரதத்தால் தசை வளர்ச்சியில் கூடுதல் பலன் இல்லை என்கிறது.

டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் முடியாது. கேரள மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 தயாரிப்புகளைச் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் சுமார் 70 சதவிகிதத்தில், எழுதியிருந்த புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை.

யாருக்குத் தேவைப்படலாம்?

அறுவை சிகிச்சை, தீக்காயம், டயாலிசிஸ் சிகிச்சை, சாப்பாடே இறங்காத அளவுக்கு நோய்... இந்த நிலைகளில் மருத்துவர் அளவு சொல்லிப் பவுடரைப் பரிந்துரைக்கலாம். ஆனால், சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் கட்டத்துக்கு வராதவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வது உண்டு. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஆரம்பத்தில் வெளியே தெரியாது. அவர்கள் கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை செய்யாமல் பவுடர் பக்கம் போகவே கூடாது.

மற்றவர்கள், மூன்று நாள் சாப்பிட்டதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் எதுவும் இல்லாத வேளை எது என்று தெரியும். அந்த வேளைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சேர்ப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.