உரிமமும் உடைமையும்: பழைய கணினியொன்றில் பணிசெயல் முறைமையை மீள நிறுவுதல் பற்றிய சில குறிப்புகள்

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ளோர் கணினியின் பணிசெயல் முறைமை பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், ஏடும் எழுத்தாணியும், பின்னர் அச்சியந்திரமும் இலக்கிய வரலாற்றிற் பெற்ற இடத்தை ஏற்றுக்கொள்வோர், இன்றைய எழுத்துக் கருவியை மட்டும் தொழில்நுட்பவியலாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்றல் பொருந்தாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நூல், துண்டுப்பிரசுரம், கட்டுரை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தே கணினி நிரலையும் எழுத்தாகக் கருதிப் பாதுகாக்கின்றது. சட்டம் கணினி நிரலை எழுத்தென்று கொள்ளுமாயின், அது யாருடைய எழுத்து, அதனைப் படியெடுக்கும் உரிமை யாருக்குண்டு என்னும் வினாக்கள் நமக்கும் உரியனவே.

இவ்வினாக்களை வேலணையில் நேர்ந்த அனுபவமொன்றை அடிப்படையாகக் கொண்டு நோக்குவோம்.

1

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகக் கடலைக் கடந்து சேரும் முதற்றீவு வேலணை. ஒல்லாந்தர் இதனை லைடன் என்றழைத்தனர். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் கடல்கடந்த நாடுகளிற் குடியேறினர். மின்கலமும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்தை அனுபவித்த சமூகமொன்றிற் கணினி பெரும்பாலும் சந்தை வழியாக வரவில்லை. உறவின் வழியாகவே வந்தது. புலம்பெயர்ந்தோர் தாம் பயன்படுத்திக் கழித்தவற்றை ஊருக்கு அனுப்பினர். எனவே இங்குள்ள வாசிகசாலைகளிலும் கல்வி நிலையங்களிலும் காணப்படும் கணினிகளுட் பல, வந்திறங்கும்போதே வயது முதிர்ந்தவை.

நாம் குறிப்பிடும் கணினியும் அத்தகையதே. 2016 இல் ஐரோப்பிய நாடொன்றில் வாங்கப்பட்டது. நான்கு கிகாபைற் நினைவகமும் இன்ரெல் ஆறாந் தலைமுறைச் செயலியும் கொண்டது. சில ஆண்டுகளின் பின் வேலணையின் சிறு வாசிகசாலையொன்றுக்கு அன்பளிப்பாக வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதில் அமர்ந்து, இடப்பெயர்வுக்கு முன்னைய ஊரின் குறிச்சிகள், கிணறுகள், தொழில்கள், கூத்து மரபு ஆகியன பற்றி முதியோர் கூறியவற்றைத் தட்டெழுதி வந்தார். ஒருநாள் கணினி இயங்க மறுத்தது. பழுதுபார்க்க எடுத்துச்சென்றவர் வன்றட்டை முழுமையாகத் துடைத்து, பூட்டுடைக்கப்பட்ட விண்டோஸ் படியொன்றை நிறுவித் திருப்பிக் கொடுத்தார். ஆசிரியர் எழுதியவற்றுள் முற்பாதி அத்துடன் அழிந்தது. பிற்பாதியை அவர் மீண்டும் எழுதத் தொடங்கியிருந்த நிலையில், புதிய படியோடு ஒட்டி வந்த தீநிரல்கள் கணினியை மீண்டும் முடக்கின. 2025 ஆம் ஆண்டின் இறுதியில் அக்கணினி நம்மிடம் காட்டப்பட்டது.

கணினியை ஆராய்ந்தபோது தெரியவந்த உண்மை கவனத்திற்குரியது. அதற்குரிய முறையான உரிமம் அதனுள்ளேயே இருந்தது! உரிமம் உடைய கணினியில், உரிமம் இல்லாத படி இயங்கிக்கொண்டிருந்தது. 'இவையெல்லாம் வெளிநாட்டவருக்கு உரியவை. நமக்கு உடைத்த படிதான் வாய்க்கும்' என்னும் எண்ணமே இந்நிலைக்குக் காரணம்.

2

உரிமம் கணினியினுள் இருப்பது எவ்வாறு? விண்டோஸ் 7 காலம்வரை, இருபத்தைந்து எழுத்துகளாலான பொருட்சாவியைத் தாங்கிய ஒட்டுத்தாள் கணினியின் உடலில் ஒட்டப்பட்டிருக்கும். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல், பெரிய உற்பத்தியாளர்கள் அச்சாவியைத் தாய்ப்பலகையிலுள்ள நிலைப்பொருளிற் பதித்து விடுகின்றனர். வன்றட்டைத் துடைத்தாலும் மாற்றினாலும் அது அழிவதில்லை. மேலும், விண்டோஸ் 10 இல், ஒருமுறை முறையாகச் செயற்படுத்தப்பட்ட கணினியின் வன்பொருள் அடையாளம் நிறுவனத்தின் சேவையகத்திற் பதிவாகின்றது. அதே கணினியில் அதே பதிப்பை மீள நிறுவி இணையத்தோடு ஒருமுறை இணைத்தால், உரிமம் தானாகவே உறுதிசெய்யப்படும்.

யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை அறிந்தோருக்கு இவ்வேற்பாடு புதுமையன்று. ஒல்லாந்தர் காணிகளைத் தோம்பிற் பதிந்தனர். உழுபவன் யாராயினும், தோம்பிலுள்ள பதிவே ஆட்சியாளரின் கண்ணில் உரிமையை நிறுவிற்று. 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை ஒற்றியைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. ஒற்றி வாங்கியவர் காணியின் பயனை அனுபவிக்கலாம், காணி அவருடையதாகாது. மென்பொருள் உரிமமும் இவ்வாறானதே. நாம் விலை கொடுத்து வாங்குவது விண்டோஸ் என்னும் பொருளையன்று. குறித்த நிபந்தனைகளின்கீழ் அதனைப் பயன்படுத்தும் இசைவையே. அதிலும், உற்பத்தியாளர் வழியாகக் கணினியோடு வரும் உரிமம் அக்கணினியோடு கட்டுண்டது. கணினி கைமாறினால் உரிமமும் உடன்செல்லும். தாய்ப்பலகை மாற்றப்பட்டால் உரிமம் பெரும்பாலும் முறிந்துவிடும்.

மூலதனம் ஒரு பொருளன்று, பொருள்களின் வழியாக மனிதரிடையே நிறுவப்படும் சமூக உறவு என்பது மார்க்ஸ் தெளிவுறுத்திய கருத்து. உரிமம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இருபத்தைந்து எழுத்துகளுக்குத் தம்மளவிற் பெறுமதி எதுவுமில்லை. அவற்றுக்குப் பின்னால் நிற்கும் சட்டமும் நிறுவனமுமே அவற்றைப் பெறுமதி உடையனவாக்குகின்றன.

3

இவ்விடத்து முற்போக்கு நண்பர் சிலர் கூறும் கருத்தொன்றைப் பரிசீலித்தல் அவசியம். ஏகபோக நிறுவனத்தின் பண்டத்தை வறியவர் விலையின்றி எடுத்துக்கொள்வது நியாயமே. அதனைத் திருட்டு என்பது முதலாளித்துவ ஒழுக்கவியல் என்பர். இக்கூற்றிற் பகுதி உண்மை உண்டு. படியெடுத்தல் தம்மளவிற் குற்றமென்று கொள்வோமாயின், நமது இலக்கியம் முழுவதுமே குற்றத்தின் விளைவாகிவிடும். சிதையும் ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியோர் இல்லையேல் சங்க நூல்களும் எஞ்சியிரா. கணினி நிரலைப் படியெடுப்பதைத் திருட்டென முதன்முதலிற் பலரறியக் கண்டித்த எழுத்துகளுள் ஒன்று, 1976 இல் பில் கேட்ஸ் பொழுதுபோக்குக் கணினி ஆர்வலர்களுக்கு எழுதிய திறந்த மடல். அதுவரை ஆர்வலரிடையே நிரல்களைப் பகிர்ந்துகொள்வது இயல்பாயிருந்தது. எனவே படியெடுத்தலைக் குற்றமாக்கியது வரலாற்றின் ஒரு கட்டமேயன்றி இயற்கை நியதியன்று.

ஆயினும், பூட்டுடைத்த படி மக்களை விடுவிப்பதாகக் கருதுவது தவறு. இங்கு மூலபாடத் திறனாய்வு நமக்குக் கைகொடுக்கும். ஏட்டைப் படியெடுத்தவர் தம் கருத்தை நூலினுட் புகுத்தியிருப்பின் அதனை இடைச்செருகல் என்கிறோம். பல ஏடுகளை ஒப்புநோக்கி நீக்குகிறோம். பூட்டுடைத்த விண்டோஸ் இடைச்செருகல் நிறைந்த ஏடு. செருகியவர் யார், செருகியது யாது, ஏன் செருகினார் என்பவை நமக்குத் தெரியா. மூலநிரல் மறைக்கப்பட்டிருப்பதால் ஒப்புநோக்கவும் இயலாது. பல உடைப்புக் கருவிகள் தாம் இயங்குவதற்கு முதலில் நச்சுநிரல் தடுப்பை நிறுத்துமாறு கேட்கின்றன. காவலரை அனுப்பிவிட்டு வாயிலைத் திறந்துவைக்கும் செயலே இது. அதன் விளைவை அனுபவிப்பது அந்த ஏகபோக நிறுவனமன்று. வேலணை வாசிகசாலையும் அந்த ஆசிரியரின் கையெழுத்தும்.

இன்னொன்றும் உண்டு. உடைத்த படியிற் பழகும் மாணவன் அப்பண்டத்தின் பழக்கத்துக்கு அடிமையாகின்றான்; மாற்று ஒன்று உண்டென்பதே அவனுக்குத் தெரியாமற் போகின்றது. ஆக, உடைத்த படி ஏகபோகத்தை எதிர்ப்பதுபோல் தோன்றினும் நடைமுறையில் அதன் எல்லையை விரிவாக்குகின்றது.

4

இனி, மேற்கொள்ளப்பட்ட செயன்முறையைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, எஞ்சியவற்றைக் காத்தல். தூய்மையான வேறொரு கணினியில் லினக்ஸ் முறைமையொன்றைப் பென் ட்ரைவில் ஏற்றி, பழைய கணினியை அதன்வழி இயக்கினோம். இதனால் நோயுற்ற விண்டோஸ் விழித்தெழாமலே வன்றட்டிலிருந்த கோப்புகளைப் படியெடுக்க முடிந்தது. கோப்புகளோடு எழுத்துருக்களையும் படியெடுத்தல் இங்கு இன்றியமையாதது. இலங்கையில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்துள்ளது. 'அம்மா' என்று நாம் காண்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதே. பணிசெயல் முறைமையை மீள நிறுவும்போது அவ்வெழுத்துரு நீங்கிவிடின், ஆசிரியரின் எழுத்து பொருளற்ற ஆங்கிலக் கோவையாகவே தோன்றும். பலர் இந்நிலையைக் கோப்புப் பழுதென்று கருதி அழித்துவிடுகின்றனர். ஓர் எழுத்துருவை இழப்பதால் ஓர் ஊரின் வரலாறே வாசிக்க முடியாததாகலாம்.

இரண்டாவது, மூலப்படியைப் பெறுதல். மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது தளத்தில் விண்டோஸ் 10 இன் நிறுவற் படியை வழங்குகின்றது. எட்டுக் கிகாபைற் கொள்ளளவுள்ள பென் ட்ரைவ் போதுமானது. படி இலவசமாகக் கிடைப்பினும் உரிமம் தனியானது என்பது மனங்கொளத்தக்கது.

மூன்றாவது, நிறுவுதல். நிலைப்பொருள் அமைப்பிற் சென்று, பழைய இயக்க முறையை விடுத்து யூ.ஈ.எப்.ஐ. முறையைத் தெரிவுசெய்து, பென் ட்ரைவை முதலாவதாக இயங்கச் செய்தோம். வன்றட்டின் பிரிவுகள் அனைத்தையும் நீக்கினோம். காப்புப்படி இரண்டு இடங்களில் இருப்பதை உறுதிசெய்யாது இதனைச் செய்தலாகாது. முன்னர் நிறுவப்பட்டிருந்தது புரோ பதிப்பு. நிலைப்பொருளிற் பதிந்திருந்ததோ ஹோம் பதிப்பின் சாவி. நிறுவற் படி அச்சாவியைத் தானே வாசித்து ஹோம் பதிப்பைத் தெரிவுசெய்தது. பதிப்பு மாறின் உரிமம் பொருந்தாது. பலர் தமது கணினியின் உரிமம் காலாவதியாகிவிட்டதென எண்ணுவதற்கு இதுவே காரணம். இணையத்தோடு இணைத்த சில நிமிடங்களில் உரிமம் உறுதியாயிற்று. ஒரு சதமும் செலவாகவில்லை.

5

இத்துடன் கதை முடிந்திருக்குமாயின், முறையான உரிமமே எல்லாவற்றுக்கும் தீர்வு என்று கூறி நிறுத்திவிடலாம். ஆனால் விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறைவடைந்தன; நிபந்தனைகளோடு ஓராண்டு நீட்டிப்பு மட்டுமே தனியாருக்கு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 இற்கு ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், இன்ரெல் செயலியாயின் பொதுவாக எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். வேலணைக் கணினி இத்தகுதி பெறவில்லை. அதன் உரிமம் சாகவில்லை. ஆனால் உரிமத்தின் பொருள் வற்றிவிட்டது. காணி இருக்கிறது, குளத்து நீர் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதே நிலை. நன்கு இயங்கும் கருவியொன்று அதன் உழைப்பாற்றல் தீர்ந்ததனாலன்றி, சந்தையின் தேவையினாற் கழிக்கப்படுகின்றது.

இவ்விடத்தே மாற்று மரபொன்று முக்கியத்துவம் பெறுகின்றது. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989 இல் வெளியான பொது மக்கள் உரிமம், பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு, படியெடுக்கவும் திருத்தவும் பகிரவும் உள்ள உரிமையை எவரும் பறிக்கவியலாதபடி செய்தது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவகம் அடுத்த ஆண்டு இவ்வுரிமத்தின்கீழ் வந்தது. இலங்கைக்கும் இதிற் பங்குண்டு; 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையை அடுத்து நிவாரணப் பணிக்கென இங்கு உருவாக்கப்பட்ட சஹானா என்னும் கட்டற்ற மென்பொருள் பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. ஏட்டுப் படிவாளரின் மரபு இவ்வுரிமத்திற் புதிய சட்ட வடிவில் மீள்கின்றதெனலாம். ஒரு வேறுபாடு: இங்கு இடைச்செருகலை எவரும் கண்டுபிடிக்கலாம், மூலம் அனைவர் முன்னும் திறந்து கிடக்கின்றது.

ஆகவே வன்றட்டின் ஒரு பகுதியில் உரிமமுள்ள விண்டோஸையும் மறுபகுதியில் டெபியன் லினக்ஸையும் நிறுவினோம். விண்டோஸை முதலில் நிறுவி, இடத்தை ஒதுக்கி, பின்னர் லினக்ஸை நிறுவுதல் நன்று. டெபியனின் நிறுவற் படிகளைத் தமிழிலேயே வாசித்துச் செல்லலாம் என்பதும் குறிப்பிடத்தக்கது. இணைய வேலைகள் யாவும் லினக்ஸில். பாமினிக் கோப்புகளைத் திறந்து ஒருங்குறிக்கு மாற்றும் வேலை, இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்ட விண்டோஸில். இது கொள்கைத் தூய்மையுடைய ஏற்பாடு அன்று. ஆயினும், உள்ள உரிமத்தை இறுதிவரை பயன்படுத்திக்கொண்டு, அது கைவிடும் நாளுக்கு மக்களை ஆயத்தப்படுத்தும் இடைக்கால ஏற்பாடு.

ஆசிரியரின் கோப்புகளுட் பிற்பாதி முழுமையாக மீண்டது. ஒருங்குறியில் ஒரு படி யாழ்ப்பாண நகரிலும் இன்னொன்று கடல்கடந்தும் இன்று வைக்கப்பட்டுள்ளது. முற்பாதி மீளவில்லை. அதனைக் கூறிய முதியவர்களுள் இருவர் இப்போது இல்லை. எஞ்சியோரிடம் மீண்டும் கேட்டு எழுதும் பணியை வாசிகசாலை இளைஞர்கள் தொடங்கியுள்ளனர். அவர்களுக்கு நாம் கூறியது இதுவே: பழுதுபார்க்கக் கொடுக்குமுன் படியெடுங்கள், எதை நிறுவுகின்றார் என்று கேளுங்கள், அதற்கான உரிமம் யாருடையது, எதுவரை என்பதை அறியுங்கள். இவை தொழில்நுட்ப வினாக்களாகத் தோன்றினும், அடிப்படையில் உடைமை பற்றிய வினாக்கள். உடைமை பற்றிய வினாக்களைப் பிறரிடம் விட்டுவிடும் சமூகம் தனது வரலாற்றையும் பிறரிடம் விட்டுவிடுகின்றது.