சாட்சிக் கூண்டில் காவல் அதிகாரி: 'கருக்கல்' என்னும் ஒரு சொல்

ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தில் உள்ள சாஆ போன்ற சிற்றூரில் ஒரு தாக்குதலைக் கண்ட தோட்டத்து முதியவர், "கருக்கலில் பார்த்தேன்" என்று காவல் அதிகாரியிடம் கூறுவதாகக் கொள்வோம். கருக்கல் என்பது விடியற்காலத்து மங்கலையும் குறிக்கும். அந்திநேரத்து மங்கலையும் குறிக்கும். மலாய்மொழியில் எழுதும் அதிகாரி 'சுபோ', 'செஞ்சா' ஆகிய இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தவறானதைத் தேர்ந்தால் ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரம் பிறழ்ந்துவிடும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி பதிவாகும் வாக்குமூலத்தை, அளித்தவரின் மொழியிலேயே படித்துக்காட்டித் திருத்த வாய்ப்பளித்த பின்னரே கையொப்பம் பெறுதல் வேண்டும். அவசரத்தில் இது சடங்காகிவிடுவதுண்டு. பின்னர் நீதிமன்றத்தில் முதியவர் "விடியற்காலம்" என்றால், முன்கூற்றோடு முரண்படுகிறார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். எழுதிய அதிகாரியும் கூண்டேற நேரிடும்.

1948ஆம் ஆண்டின் முத்துசாமி வழக்கில் நீதிபதி டெய்லர், இத்தகைய வேறுபாடுகளைச் சிறு வேறுபாடு, தோற்ற முரண், கடும் முரண், அடிப்படை முரண் என நால்வகையாகப் பகுத்தார். நம் எடுத்துக்காட்டு தோற்ற முரணே; ஆயின் அதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்? மலாய்ப் பதிவின் அருகே 'கருக்கல்' என்ற சொல்லையும் அதிகாரி எழுதி வைத்திருந்தால் விளக்கம் எளிது. இல்லையேல் அவர் நினைவையே நம்ப வேண்டும். மாதங்கள் பல கடந்த நினைவு அது.

1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 159ஆம் பிரிவு, நிகழ்வின்போதோ நினைவு மங்குமுன்னரோ தாம் எழுதிய குறிப்பைச் சாட்சி பார்த்துக்கொள்ள இசைகிறது. 161ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பும் அதனைப் பார்த்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். எனவே பின்னர் மெருகேற்றிய குறிப்பு கேடே தரும். குறிப்பை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதும் அத்தகையதே. அதிகாரிகள் இருவர் ஒரே தொடரை ஒப்பித்தால் ஐயமே எழும். கேட்டதற்கு மட்டும் விடையிறுப்பதும், நினைவில்லாததை நினைவில்லை என்பதும் சாட்சியத்தைக் குறைப்பதில்லை.

உறவுப்பெயர்களும் இவ்வாறே இடர் தருவன. 'மாமா' தாய்மாமனா, மாமனாரா, அயல்வீட்டு முதியவரா? 'கால்' என்பதில் தொடையும் அடங்கும், பாதமும் அடங்கும். மலாய்மொழியிலும் ஏறக்குறைய அப்படியே. மருத்துவ அறிக்கையோ 'கணுக்காலுக்குக் கீழ்' என்று வரையறுத்துவிடும். வாக்குமூலம் பெறும்போதே "எந்த இடம், தொட்டுக் காட்டுங்கள் ஐயா" என்று கேட்டுக் குறித்துக்கொண்ட அதிகாரிக்கு அவ்விரு ஆவணங்களையும் இணைத்துக்காட்ட ஒரு தொடர் போதும்.