பேராசிரியருக்குப் பாடம் சொல்வது யார்?

பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' எழுதிக் காட்ட வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். வேண்டும். கல்லூரிக்கு மட்டும் நெட், செட், பிஎச்.டி. என்று பாட அறிவை அளக்கும் தகுதிகள் போதும். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பிக்கும் திறன் பற்றிச் சில கேள்விகள் வரும், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்தவுடன் வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். தனக்குப் பிடித்த பேராசிரியர் அந்நாளில் எப்படி நடத்தினாரோ, அதே பாணியில் புதியவரும் ஆரம்பிப்பார்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1993இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. ஆராய்ச்சி என்றால் தனிமைத் தவம், கற்பித்தல் என்றால் கலகலப்பு என்று நினைத்துத்தான் அவர் இந்தத் தொழிலுக்கு வந்தார். வந்த பிறகு பார்த்தால் எல்லாம் தலைகீழ். ஆராய்ச்சியாளருக்கு மாநாடு உண்டு, இதழ் உண்டு, தப்பைச் சுட்டிக்காட்ட நாலு பேர் உண்டு. பாடம் நடத்துபவரோ கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நிற்கிறார். உள்ளே என்ன நடந்தது என்று பக்கத்து அறைக்காரருக்குக்கூடத் தெரியாது.

இந்தக் கதவைத் திறக்கும் வழிகளில் ஒன்றுக்கான கோட்பாடு, விசித்திரமாக, தையல் கடையிலிருந்து கிளம்பியது.

மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையல்காரர்களிடம் தொழில் பழகும் பையன்களைக் கவனித்தார். அங்கே பாடப்புத்தகம் இல்லை, வகுப்பும் இல்லை. பையன் முதலில் பட்டன் தைக்கிறான், ஓரம் மடித்து அடிக்கிறான். அதாவது, உடை தயாராகும் வரிசையின் கடைசி வேலைதான் அவனுக்கு முதல் வேலை. பிறகு துண்டுகளை இணைத்துத் தைக்கக் கற்கிறான். துணி வெட்டும் கத்தரிக்கோல் கடைசியில்தான் கைக்கு வரும்; வெட்டில் தப்பினால் துணி போச்சே! காஜா எடுப்பதில் தொடங்கி 'கட்டிங் மாஸ்டர்' ஆன நம்மூர்க்காரர்களுக்கு இதில் புதுமை எதுவும் இருக்காது. ஆனால் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் வெளியிட்ட நூல், இதிலிருந்து ஒரு பொதுக்கருத்தை எடுத்தது: ஒரே தொழிலைச் செய்வோர் நடுவே இருந்து, முதலில் ஓரத்தில் நின்று, மெல்ல மெல்ல மையத்துக்கு நகர்வதுதான் கற்றல். வெங்கர் அடுத்ததாக, காப்பீட்டு நிறுவனமொன்றில் மருத்துவச் செலவுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் ஊழியர்களை ஆராய்ந்து 1998இல் தனி நூல் எழுதினார். விதிப்புத்தகம் சொல்லாததை அந்த ஊழியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் வேலையை முடித்தார்கள்.

இந்தக் கோட்பாடு அச்சேறும் முன்பே ஒரு பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களிடையே இதைச் செய்துகொண்டிருந்தது. பெயர் மயாமி பல்கலைக்கழகம். கடற்கரை மயாமி அல்ல. ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் இருப்பது. (பெயர்க் குழப்பத்துக்கு இவ்வளவு இடம் தரும் முகவரி வேறு இருக்காது.) அங்கே 1979இல், லில்லி அறக்கட்டளை தந்த பணத்தில், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கென ஒரு குழு தொடங்கியது. அறக்கட்டளைப் பணம் நின்ற பிறகு பல்கலைக்கழகமே செலவை ஏற்றது. மில்டன் காக்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் பல ஆண்டுகள் அதை முன்னின்று நடத்தினார்.

அமைப்பு எளிமையானது. வெவ்வேறு துறைகளிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு பேர். கட்டாயம் இல்லை; விருப்பமுள்ளவர் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கல்வியாண்டு முழுக்க, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். ஒவ்வொருவரும் தான் நடத்தும் பாடம் ஒன்றை எடுத்து அதில் ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து, பலன் என்ன என்று குழுவிடம் சொல்ல வேண்டும். ஓரிரு மாணவர்களையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்வார்கள். 'அந்த விளக்கம் எங்களுக்குப் புரியவே இல்லை, சார்' என்று சொல்ல ஆள் வேண்டுமல்லவா?

துறைகளைக் கலந்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'என் வகுப்பில் பாதிப்பேர் தூங்குகிறார்கள்' என்று வேதியியல்காரர் தன் துறைத் தலைவரிடம் சொல்லமாட்டார். நாளை பதவி உயர்வுக் குழுவில் அவர் உட்கார்ந்திருக்கக்கூடும். வரலாற்றுக்காரரிடம் சொல்வதில் அந்தப் பயம் இல்லை. தவிர, வரலாற்றுக்காரருக்கு வேதியியல் தெரியாது. அவர் கேட்கும் அப்பாவிக் கேள்வி பெரும்பாலும் மாணவன் கேட்கத் தயங்கிய கேள்வியாக இருக்கும்.

இக்குழுக்களில் இருந்த இளம் ஆசிரியர்கள் மற்றவர்களைவிட அதிக அளவில் பணி நிரந்தரம் பெற்றதாகக் காக்ஸ் எழுதியிருக்கிறார். இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தானாக விண்ணப்பித்து வருபவர் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர். குழு இல்லாவிட்டாலும் அவர் முன்னேறியிருக்கலாம்.

இந்தியா வேறு பாதையில் போனது. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. நான்கு வார அறிமுகப் பயிற்சி, மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி. இரண்டுமே பதவி உயர்வோடு பிணைக்கப்பட்டன. பெயர் இருமுறை மாறி, 2023 முதல் இவை மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். அந்த ஆண்டில் நாடு முழுக்க 111 மையங்கள், இலக்கு 15 லட்சம் ஆசிரியர்கள். இப்பயிற்சிகளை வீண் என்று தள்ள முடியாது. வெளியூர்க் கல்லூரிக்காரர்கள் ஒன்றாகத் தங்கிப் பேசிய பேச்சில் பிறந்த நட்புகள் ஏராளம். ஆனால் சான்றிதழ் வாங்கியதும் குழு கலைந்துவிடும். புதிதாகக் கேட்டதை வகுப்பில் முயன்று, அது சொதப்பி, 'அடுத்து என்ன செய்யலாம்?' என்று கேட்கும் நாளில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. உண்மையான கற்றல் தொடங்குவதே அந்த நாளில்தான்.

அப்படியானால் கல்லூரிக்கு ஒரு குழு என்று ஆணை போட்டுவிடலாமா? போட்டால் நடப்பது தெரிந்ததுதான். வெள்ளி மூன்று மணிக்கு அனைவரும் தவறாது வரவும் என்று சுற்றறிக்கை, கையெழுத்துத் தாள், நாக் தர மதிப்பீட்டுக் கோப்புக்கு ஜியோடேக் போட்ட படம், தேநீர், கலைதல். அதிகாரம் தொட்டால் இது இன்னொரு கமிட்டி ஆகிவிடும். தொடாமலே விட்டால் நேரமில்லாமல் செத்துவிடும். மயாமி இதற்குக் கண்ட வழி, கட்டளையிடாமல் நேரத்தை மட்டும் கொடுப்பது; புதிய ஆசிரியருக்கு ஒரு பாடத்தின் சுமையைக் குறைத்தார்கள்.

தமிழ்நாட்டில் குழுவுக்கான கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் வந்து உட்காரும் முதலாண்டு மாணவரை எப்படிக் கைதூக்கிவிடுவது என்ற ஒரே கேள்விக்கு, இயற்பியல், கணிதம், ஆங்கிலம் எடுக்கும் நாலைந்து பேர் ஓராண்டு கூடிப் பேசலாம். சிக்கல், கூடும் நேரம். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை, மாலை என இரண்டு ஷிப்ட்; ஒரு ஷிப்ட் ஆசிரியர் கிளம்பும் வேளையில்தான் மற்றவர் வருகிறார். வகுப்புகளில் கணிசமானவற்றை எடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பதவி உயர்வு என்பதே அவர்களுக்கு இல்லாததால் பதவி உயர்வுக்கான பயிற்சி அவர்களை இழுப்பதில்லை. இப்படியொரு குழு அமைந்தால் முதல் நாற்காலி அவர்களுக்குப் போட வேண்டும். அங்கே உட்காரும் ஒரு மணி நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் தர வேண்டும்.