வேனிலும் வீட்டு மின்சாரமும்

நம் முன்னோர் ஓராண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்து, வெயிற் காலத்தை இளவேனில், முதுவேனில் என இரண்டாக எண்ணினர். அவ்வேனிலைத் தணித்தற்கு அவர்களுக்குத் துணையாயிருந்தவை மரநிழலும், திண்ணையும், பனையோலை விசிறியும், வெட்டிவேர்த் தட்டியும், மண்பானைத் தண்ணீருமே. இக்காலத்திலோ அப்பொறுப்பு முழுவதையும் மின்சாரத்தின் தலைமேல் ஏற்றிவிட்டோம். சுவிட்சைத் தட்டிய அளவில் விசிறி சுழல்கிறது, அறை குளிர்கிறது, நீர் மேனிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. ஏவிய பணியை முகங்கோணாது செய்யும் இவ்வேவலாள், நாம் ஏமாந்த பொழுதில் பொருளையும் கவர்வான், உயிரையும் கவர்வான்.

இக்கட்டுரை எழுதுவோனுடைய இல்லத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். சித்திரை மாதம். புதிதாக வாங்கிய ஏர்கூலரின் மூன்று முனைப் பிளக்கு எங்கள் பழைய வீட்டின் இருதுளைச் சாக்கெட்டிற் பொருந்தவில்லை. கடைத்தெருவிற் கிடைத்த இருமுனைப் பிளக்கொன்றை மாட்டி, எஞ்சி நின்ற பச்சைக் கம்பியை நானே வெட்டி எறிந்தேன். கூலர் நன்றாகவே ஓடிற்று. பத்து நாள் கழித்து, கழுவிய தரையில் ஈரக்காலோடு நின்று அதன் தகரப் பெட்டியைத் தொட்ட என் தாயார் அலறி விழுந்தார். விழுந்த வேகத்திற் கை பெட்டியை விட்டகன்றமையால் உயிர் பிழைத்தார். பின்னர் வந்த எலெக்ட்ரீசியன் அக்கம்பியின் வெட்டுவாயைக் காட்டி, "தம்பி, கூலர் ஓடுவதற்கு இந்தக் கம்பி வேண்டியதில்லை, வீட்டிலுள்ளவர் உயிரோடிருப்பதற்கு வேண்டும்" என்றார். அக்காலத்தில் யான் பௌதிகம் பயிலும் மாணவன்; ஓம் என்பாரின் விதியைப் பிழையற எழுதி மதிப்பெண் பெற்றவன்! ஏட்டிலிருந்த அவ்விதி என் வீட்டுச் சுவருக்குள்ளும் இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மின்சாரம் எவ்வழியே செல்கின்றது, செல்லும் வழியில் எவ்வளவு வெப்பந் தருகின்றது என்னும் இவ்விரண்டினையும் அறிந்தவன் இடரினின்றும் தப்புவான். வீண் செலவினின்றும் தப்புவான். பாதுகாப்பும் சிக்கனமும் வேறு வேறு பாடங்கள் அல்ல. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்சாரம் கொல்வது எவ்வாறு?

நம் வீடுகட்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. உடலினூடே பாயும் மின்னோட்டத்தின் அளவைப் பொறுத்தே தீங்கு விளையும். ஓர் ஆம்பியரில் ஆயிரத்திலொரு பங்கான மில்லி ஆம்பியர் ஒன்று பாய்ந்தால் மெல்லிய சுறுசுறுப்புத் தோன்றும். பத்தளவு பாய்ந்தால் கைத்தசைகள் சுருங்கிப் பிடித்த பொருளை விடமாட்டா. முப்பதுக்கு மேற் பாய்ந்து சற்று நேரம் நீடித்தால் மூச்சும் இருதயமும் நிலைகுலையும்.

வறண்ட தோல் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுப்பது. ஆயினும் அதனை நம்பி மின்கம்பியைத் தீண்டுதல் அறிவுடைமையன்று. வியர்வையாலேனும் நீராலேனும் நனைந்தபோதோ உடலின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்னும் அளவிற்குக் குறைந்துவிடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் ஆகின்றது. உயிரைப் போக்க வேண்டுவதினும் இது பன்மடங்கு மிகுதி. வேனிற்காலத்தில் நாம் எந்நேரமும் வியர்த்திருக்கிறோம். வெறுங்காலோடு ஈரத் தரையில் நடக்கிறோம். நீர் நிறைந்த தகரப் பெட்டிக்குள் மின்பொறியை வைத்து அருகே அமர்கிறோம். இப்பருவத்தில் மின்னதிர்ச்சியின் அச்சம் பெருகுவதன் காரணம் இதுவே.

"பியூஸ் இருக்கிறதே, அது காவாதோ?" என்று சிலர் வினவக்கூடும். 16 ஆம்பியர் அளவுடைய பியூஸ் அதற்குமேல் மின்னோட்டம் மிகுந்தாலன்றி உருகாது. அதனிடத்தில் இக்காலத்தார் வைக்கும் எம்.சி.பி. என்னும் சிறு துண்டிப்பானும் அத்தகையதே. மனிதனைக் கொல்ல 0.23 ஆம்பியரே மிகுதி என்று மேலே கண்டோம். ஆகவே, ஒருவன் மின்சாரத்திற் சிக்கித் துடிக்கும்பொழுதும் பியூஸ் அசையாதிருக்கும். பியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று.

மனிதனைக் காப்பன வேறு இரண்டு. ஒன்று, எர்த் என வழங்கும் நிலத்தொடர்பு. மூன்று முனைப் பிளக்கில் மேலே பருத்து நீண்டிருக்கும் முனையும், அதனோடு சேர்ந்த பச்சைக் கம்பியும் கருவியின் உலோக உடலை நிலத்தோடு பிணைக்கின்றன. உள்ளே கம்பி பழுதுற்று உடலைத் தொட்டால், மின்சாரம் இவ்வெளிய வழியே பெருவெள்ளமாய்ப் பாயும், அப்போது பியூஸ் உருகும், தொடுவோன் பிழைப்பான். யான் வெட்டி எறிந்தது இவ்வழியையே.

மற்றொன்று, ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். வீட்டினுட் சென்ற மின்னோட்டமும் மீண்டு வரும் மின்னோட்டமும் சமமாயிருத்தல் வேண்டும். ஒருவர் உடல்வழியே நிலத்திற்குக் கசிந்தால் மீள்வது குறையும். அக்குறைவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்போ எட்டியவுடனோ இக்கருவி ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இதன் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் விழாதது காவாது. எனினும், ஒருவர் செல்லும் கம்பியையும் மீளும் கம்பியையும் ஒருசேரத் தொட்டால் இதுவும் அறியமாட்டாது. கருவி எதுவாயினும் அறிவுக்கு ஈடாகாது.

வீட்டின் புறத்தேயும் ஒரு கேடு உண்டு. துணி உலர்த்தும் கொடிக்கு இரும்புக் கம்பியைக் கட்டி, அதன் ஒரு முனையை மின்கம்பத்திலோ, மின்சாரம் வீட்டினுள் நுழையும் குழாயிலோ பிணைப்பது நம் நாட்டில் பலர்க்கும் வழக்கம். எங்கேனும் கசிவு நேரின் ஈரத்துணியோடு செல்பவர் உயிர்க்கு அக்கம்பியே கூற்றாகும். கொடிக்குக் கயிறே போதும்.

மின்சாரம் சுடுவது எவ்வாறு?

மின்னோட்டம் எக்கம்பியிற் பாயினும் அது சூடேறும். அவ்வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் கம்பியின் தடையையும் பொறுத்தது. ஆதலால் மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும். 6 ஆம்பியருக்கென அமைந்த நீட்டிப்புப் பெட்டியொன்றில் 2,000 வாட் மின்னடுப்பையும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் ஒருங்கே மாட்டுவோமாயின், ஏறக்குறைய 13 ஆம்பியர் அதன் மெல்லிய கம்பியிற் பாயும். தாங்கவேண்டியதற்கு நான்மடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை அது தாங்கவேண்டியதாகும். வெயிலால் முன்னரே சூடேறிய சுவருள், பழையதாய்ப் பொடிந்த உறையோடு கிடக்கும் கம்பியின் கதியைக் கூற வேண்டுவதில்லை.

தளர்ந்த இணைப்பு இதனினும் கொடியது. ஒன்றரை டன் குளிர்சாதனம் இயங்குங்கால் ஏறத்தாழ 7 ஆம்பியர் கொள்ளும். அதன் பிளக்குத் தளர்ந்து, அவ்விடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். ஏழின் வர்க்கம் நாற்பத்தொன்பது. அதிற் பாதி ஏறக்குறைய 25 வாட். வானொலி பழுதுபார்ப்போர் ஈயத்தை உருக்கும் பற்றவைப்புக்கோல் பெரும்பாலும் 25 வாட் கொண்டதே! அத்தகைய கோலொன்று நம் சாக்கெட்டினுள் இரவெல்லாம் கனன்றுகொண்டிருப்பதை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். பிளக்கின் முனை கறுத்திருத்தல், சாக்கெட்டுச் சுடுதல், கருகிய நாற்றம் வருதல், விளக்கு மினுக்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

இனி இதன் கணக்கையும் நோக்குக. ஆயிரம் வாட் ஒருமணி நேரம் செலவாவதே நாம் விலை கொடுக்கும் ஒரு யூனிட்டு. 25 வாட் எட்டு மணி நேரம் எரிந்தால் ஐந்திலொரு யூனிட்டு. ஐந்து இரவுக்கு ஒரு யூனிட்டு வீதம் நாம் விலை கொடுத்து வாங்குவது குளிர்ச்சியையன்று. வீட்டை எரிக்கும் நெருப்பையே. இடரும் விரயமும் ஒரே இடத்திற் பிறத்தல் இதனால் விளங்கும்.

மின்சாரத்தைச் சேமிப்பது எவ்வாறு?

சேமிப்பது என்றவுடன், வியர்த்து வாடி அமர்ந்திருத்தல் என்று கருதற்க. அதே சுகத்தைக் குறைந்த மின்சாரத்தாற் பெறுதலே சேமிப்பு.

முதலாவது, வெப்பத்தை உள்ளே விடாதிருத்தல். நண்பகலில் மேற்குச் சாளரங்களை அடைத்து வெளிப்புறத்தே தட்டியிட்டும், இரவிற் சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்கியும், மொட்டைமாடிக்கு வெண்சுண்ணம் பூசியும் வந்தால் வீடு தானே குளிரும். வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்புவது. பூச்சுக்கு ஒருமுறை செலவிடுவதன்றி மின்சாரச் செலவு இதற்கு இல்லை.

இரண்டாவது, விசிறி. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் உடலின் வியர்வையை உலர்த்தி நம்மையே குளிர்விக்கின்றது. ஆளில்லா அறையிற் சுழலும் விசிறி சிறிது வெப்பத்தையே சேர்க்கும். பழைய விசிறி 75 வாட் கொள்ளும், பி.எல்.டி.சி. என்னும் புதுவகை ஏறக்குறைய 30 வாட்டே கொள்ளும். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் முன்னதற்கு 72 யூனிட்டும், பின்னதற்கு 29 யூனிட்டும் ஆகும். வீட்டில் மூன்று விசிறிகள் உளவேல் மிச்சம் எவ்வளவென்பதைக் கணக்கிட்டுக்கொள்க. 60 வாட் குமிழ் விளக்குத் தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்குத் தருவதும் யாவரும் அறிந்ததே.

மூன்றாவது, ஏர்கூலரும் குளிர்சாதனமும். கூலர் நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. ஆதலால் மதுரை, திருச்சி முதலிய உள்நாட்டு ஊர்களின் உலர்ந்த காற்றில் நன்கு பயன்படும். ஈரக்காற்று வீசும் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் அதன் பயன் குறைவு. குளிர்சாதனத்தைப் பொறுத்தவரை, 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்வழி அமைந்த மத்திய அரசின் ஆற்றல் திறன் செயலகம் கூறுவதொன்று கருதத்தக்கது. வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தி வைத்தால் மின்செலவு ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு குறையும் என்பதே அது. 2020ஆம் ஆண்டு சனவரி முதலாக, நட்சத்திரக் குறியுடைய அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையிலேயே தொடங்குமாறு அமைத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 24 அல்லது 26 பாகையில் வைத்து விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் அதனினும் தாழ்ந்த பாகையின் சுகம் கிடைக்கும். வடிகட்டியைப் பதினைந்து நாட்கொருமுறை கழுவுதல் நன்று. ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே கழுவுக. கூலரில் நீர் ஊற்றுவதற்கும் இதுவே விதி.

நான்காவது, தூங்கும் கருவிகள். தொலைக்காட்சியோடு சேர்ந்த சிறு பெட்டியொன்று படம் ஓடாதபோதும் 10 வாட் கொண்டால், இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேலாகும். சுவிட்சை அணைத்தால் அச்செலவும் இல்லை. இடியின்போது கேடும் குறைவு.

இடர் நேர்ந்தவிடத்து

ஒருவர் மின்சாரத்திற் சிக்கினால் அவரை வெறுங்கையாற் பற்றி இழுத்தலாகாது. காப்பவரும் உடன் சிக்குவர். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அஃது இயலாதாயின் உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த மரக்கழியால் அவரை விலக்குக. மூச்சு நின்றிருப்பின் 108 என்னும் எண்ணுக்கு அழைப்பித்து, மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் தாழுமாறு, உதவி வருமளவும் அழுத்திக்கொண்டிருத்தல் வேண்டும். மின்சாரத்தாற் பற்றிய தீயில் நீர் ஊற்றற்க. மெயினை அணைத்து, உலர்ந்த மணலைக் கொட்டுக. கோடை மழையிற் கம்பி அறுந்து தெருவில் வீழ்ந்து கிடப்பின் அதனை அணுகாது, பிறரையும் அணுகவிடாது, மின்வாரியத்துக்கு அறிவிப்பது கடமை.

மாணவ அன்பர்காள்! விடுமுறைக்கு இல்லம் செல்லும் நீவிர், சென்ற முதல் நாளிலேயே அரைமணி நேரம் ஒதுக்கி வீட்டைச் சுற்றி வருக. கூலருக்கும், குளிர்பெட்டிக்கும், இஸ்திரிப் பெட்டிக்கும் மூன்று முனைப் பிளக்கு உளதா? கறுத்த சாக்கெட்டு எங்கேனும் உளதா? கசிவுத் துண்டிப்பான் பொத்தானுக்கு விழுகின்றதா? துணிக்கொடி கயிறா, கம்பியா? ஐயமுற்றவிடத்துத் தாமே கத்தரியை எடாது, உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனை அழைப்பிக்குமாறு பெற்றோர்க்குக் கூறுக. கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்படுவதற்கு இதனினும் எளிய வாய்ப்பு வேறில்லை. என் வீட்டில் அக்கல்வி பத்து நாள் பிந்தியே வந்தது. என் தாயார் விழுந்ததனால் பிழைத்தார். எல்லாரும் அவ்வாறு விழுவதில்லை.