முன்னால் 'டொக்' என்றால்...

சிதம்பரத்திலிருந்து ஞாயிறுதோறும் ஊர்சுற்றும் புல்லட்காரர்களே! 1955 முதல் நம்ம சென்னை வண்டிதான்; அதற்காகக் கழுத்தைக் கவனிக்காமல் விடலாமா? பிரேக் பிடித்தால் 'டொக்' என்கிறதா? சைலன்ஸர் மாற்றும் ஆசையைத் தள்ளிவையுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கவைத்து, ஃபோர்க் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடினால் கோன்செட் லூஸ். ஹாண்டில் நடுவில் சிக்கினால் பால்ரேஸில் பள்ளம். டைட் பண்ணிப் பிரயோஜனமில்லை, மாற்றணும். நெடும்பயணக்காரர் டேப்பர் ரோலர் பேரிங் போடலாம். குண்டு புள்ளியில் தாங்கும் பாரத்தை உருளை நீளவாக்கில் தாங்கும். சீக்கிரம் பள்ளம் விழாது. மெக்கானிக் முறுக்கித் தள்ளினால் தடுங்கள், ஹாண்டில் தானாகச் சாயணும். ஃபோர்க் ஆயில் இரண்டு காலிலும் ஒரே அளவு. சீல் ஒழுகுகிறதா? எண்ணெய் பிரேக்கில் இறங்கினால், கடலூரில் நிறுத்த நினைத்த வண்டி பாண்டிச்சேரியில்தான் நிற்கும்!