வயிற்றுப் பிள்ளைக்கும் கொழுப்பு வேண்டும்

கொல்கத்தாவில் வங்காளிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. அதன் பெயர் 'ஷாத்'. நம் ஊர் வளைகாப்பு போன்றது. பிரசவத்துக்குச் சில வாரம் முன்பு கர்ப்பிணிக்குப் புதுச் சேலை கொடுப்பார்கள். சோறு, நெய், மீன், பாயசம் என்று வரிசையாக வைப்பார்கள். அவள் ஆசை தீரச் சாப்பிடுவாள்.

அது ஒரு நாள் விருந்து. மற்ற நாட்களில்?

பல வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அவளுக்கு. "அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகும், பிரசவம் கஷ்டம்" என்று குறைப்பவர்கள் உண்டு. "கொலஸ்ட்ரால் வரும்" என்று முட்டையை ஒதுக்குபவர்களும் உண்டு. இது சரியா?

கொலஸ்ட்ரால் என்பது ஒரு கொழுப்புப் பொருள். ரத்தத்தில் அளவு மீறினால் இதயத்துக்குக் கெடுதல். ஆனால் அது இல்லாமல் உடம்பு வளராது. வீட்டுக்குச் செங்கல் போல, உடம்புக்கு அது தேவை. மூளை, நரம்பு வளரவும் வேண்டும்.

வயிற்றுப் பிள்ளை தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தாயிடமிருந்தும் நஞ்சுக்கொடி வழியாகப் பெறும். கர்ப்ப காலத்தில் தாயின் கொலஸ்ட்ரால் தானாகவே கூடும். சாதாரணமாக இது நோய் அல்ல.

அது மிகவும் குறைந்தால்? அமெரிக்காவில் 1,058 தாய்மார்களைச் சோதித்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. கொலஸ்ட்ரால் நடுத்தர அளவில் இருந்தவர்களில் 100க்கு 5 பேருக்குக் குறைமாதப் பிரசவம் ஆனது. மிகக் குறைவாக இருந்தவர்களில் 100க்குச் சுமார் 13 பேருக்கு அப்படி ஆனது. இவர்களுக்கு நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளும் சராசரியாக 150 கிராம் எடை குறைவு. கொலஸ்ட்ரால் குறைவு மட்டும்தான் காரணம் என்று இதனால் முடிவாகிவிடாது. ஆனால் இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது.

2.5 கிலோவுக்குக் குறைந்தால் அது எடை குறைந்த குழந்தை. அதன் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். பால் குடிக்கச் சிரமப்படும். நோய் எளிதில் தொற்றும்.

என்ன செய்யலாம்?

நெய்யையும் பலகாரத்தையும் அள்ளிச் சாப்பிட வேண்டாம். சோறு, பருப்பு, கீரையோடு முட்டை, மீன், பால் எது முடியுமோ அது சேரட்டும். அங்கன்வாடியில் பெயர் பதிந்தால் கர்ப்பிணிக்கும் சத்துணவு உண்டு. சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருந்தால் டாக்டர் சொல்வதுபோல் சாப்பிட வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடும் பெண், கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் விருந்து போதாது. பத்து மாதமும் அவள் தட்டில் முதலில் சோறு விழட்டும்!