முதலிடம் எந்த மருந்துக்கு?

ஒரே நோய்க்குப் பன்னிரண்டு மருந்துகள் கடைக்கு வந்துவிட்ட காலத்தில், அவற்றுள் எது சிறந்தது என்று ஒரு வைத்தியர் கேட்பது மிகவும் நியாயமான கேள்வியே. ஆயினும் அந்தப் பன்னிரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திச் சோதிக்க வேண்டுமானால் அறுபத்தாறு ஜோடிகளுக்கும் தனித்தனியே பரிசோதனை நடத்த வேண்டியிருக்கும். அதற்கு வேண்டிய பணமோ காலமோ நோயாளிகளோ எவரிடத்தும் இல்லை. ஆகவே புதிய மருந்துகள் பெரும்பாலும் வெற்று மாத்திரையோடோ பழைய மருந்து ஒன்றோடோ மட்டுமே ஒப்பிடப்படுகின்றன.

இந்தக் குறையை ஈடுசெய்ய உண்டான முறைதான் நெட்வொர்க் மெட்டா அனாலிசிஸ் எனப்படும் வலைப்பின்னல் தொகுப்பாய்வு. இரண்டு மருந்துகள் ஒன்றையொன்று சந்திக்காவிட்டாலும், இரண்டும் வெற்று மாத்திரையைத் தனித்தனியே சந்தித்திருக்குமானால், அந்தப் பொதுத் துணையைப் பற்றிக்கொண்டு அவற்றின் வித்தியாசத்தைக் கணக்கிடலாம் என்று புக்கர் முதலானோர் 1997-இல் எழுதினர். லம்லி 2002-இலும், லூவும் ஏட்ஸும் 2004-இலும் அதைப் பெரிய வலைகளுக்கு விரித்தனர். கணக்கின் முடிவில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மதிப்பீடும், அதைச் சூழ்ந்த ஒரு சந்தேக எல்லையும் கிடைக்கின்றன. அறுபத்தாறு மதிப்பீடுகளை அவற்றின் எல்லைகளோடு சேர்த்துப் படிப்பது சிரமமென்று கருதி அவற்றை ஒரே தரவரிசையாகச் சுருக்குகிறார்கள். அப்படிச் சுருக்கும்போது உதிர்ந்துபோவது பெரும்பாலும் அந்தச் சந்தேக எல்லைதான்.

அது உதிர்ந்தால் விளையும் விபரீதத்தை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். நான்கு மருந்துகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றும் பல பெரிய பரிசோதனைகளைக் கடந்தவை; ஒவ்வொன்றினாலும் நூற்றுக்கு ஐம்பது பேர் குணமடைகிறார்கள், அந்த ஐம்பதின் சந்தேக அளவான திட்டப் பிழையோ வெறும் இரண்டு. நான்காவது ஒரே ஒரு சிறிய பரிசோதனையைக் கண்டது. அதனால் குணமடைந்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்தெட்டு, திட்டப் பிழை பதினைந்து. இந்தச் சந்தேக அளவுகளுக்கு ஏற்பக் கணிப்பொறியில் ஆயிரம் தடவை எண்களை எடுத்து, ஒவ்வொரு தடவையும் நான்கையும் வரிசைப்படுத்தினால், நான்காவது மருந்து ஏறக்குறைய நானூறு தடவை முதலிடத்தில் வந்து நிற்கிறது. மற்ற மூன்றும் மீதி அறுநூறைத் தலைக்கு இருநூறாகப் பங்கிட்டுக்கொள்கின்றன! சராசரியில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது எதுவோ, அதற்கே முதலிடத்தின் சாத்தியம் மற்றவற்றைப்போல் இரு மடங்கு. அதே மருந்து ஐந்நூறுக்கும் சற்று அதிகமான தடவைகளில் கடைசி இடத்தில் கிடக்கிறது என்பதையும் கூடவே சொல்லாமல், 'சிறந்ததாக இருக்கும் சாத்தியம் 40 சதவிகிதம்' என்று மட்டும் அச்சிடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இதை உணர்ந்தே சலாண்டி, ஏட்ஸ், ஐயோனிடிஸ் ஆகிய மூவரும் 2011-இல் முதலிடத்தை மட்டுமின்றி எல்லா இடங்களின் சாத்தியங்களையும் கணக்கில் கொள்ளும் 'சுக்ரா' என்ற அளவையை முன்வைத்தனர். அது பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓடுவது. ரூக்கரும் ஷ்வார்ட்ஸரும் 2015-இல் தந்த பி-ஸ்கோர் ஏறக்குறைய அதையே கணிப்பொறி ஒத்திகை இல்லாமல் தருகிறது. நம் கற்பனைக் கணக்கில் நான்காவது மருந்துக்கு சுக்ரா 45, மற்றவற்றுக்கு 52; வரிசை நேராகிவிட்டது. ஆனால் 45 என்ற எண்ணைப் பார்க்கிறவர், அந்த மருந்து நடுத்தரமானது என்றல்லவா நினைத்துக்கொள்வார்? ஆயிரம் தடவைகளில் நூறு தடவைகூட அது நடுவிடங்களில் இருந்ததில்லை. ஒவ்வொரு இடத்தின் சாத்தியத்தையும் தனித்தனியே வரைந்து காட்டினால், இரு முனைகளிலும் உயர்ந்து நடுவில் பள்ளமாகக் கிடக்கும் கோடு அந்த உண்மையை ஒரு நொடியில் சொல்லிவிடும்.

பிரிட்டனில் பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் வரிசைப்படுத்தும் பட்டியல்களைப் பற்றி கோல்ட்ஸ்டைனும் ஸ்பீகல்ஹால்டரும் 1996-லேயே இத்தகைய எச்சரிக்கையை விடுத்திருந்தார்கள். மருந்துகளின் விஷயத்தில் அதை அளந்து பார்த்தவர்கள் ட்ரின்குவார்ட்டும் அவருடைய சகாக்களும். 1308 பரிசோதனைகளையும் 404 சிகிச்சைகளையும் அடக்கிய 58 வலைப்பின்னல்களை மறுபடியும் கணக்கிட்டு, 2016-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு கவலைக்குரியது: நூறு அளவுள்ள சுக்ராவில், ஒரு சிகிச்சையின் 95 சதவிகித நம்பக எல்லையின் அகலம் இடைநிலையில் 65; அந்த வலைப்பின்னல்களில் 28 சதவிகிதத்தில், முதலிடம் பெற்ற சிகிச்சை உண்மையில் சிறந்ததன்று என்பதற்குப் பாதியோ அதற்கு மேலோ சாத்தியம் இருந்தது.

இந்தச் சந்தேகத்தோடு வாழவும் முடியும் என்பதற்கு, மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி சிப்ரியானி குழுவினர் 2009-இல் லான்செட் இதழில் எழுதிய ஆய்வு நல்ல சான்று. பன்னிரண்டு மருந்துகள், 117 பரிசோதனைகள், ஏறத்தாழ 26,000 நோயாளிகள். பலனில் முன்னணியில் நிற்கும் சாத்தியத்தை அவர்கள் பங்கிட்டபோது மிர்ட்டாசபின் 24.4, எஸ்சிட்டலோப்ராம் 23.7, வென்லாஃபாக்சின் 22.3, செர்ட்ராலின் 20.3 சதவிகிதம் பெற்றன. இவ்வளவு நெருக்கமான எண்களைக் கொண்டு முதலிடத்துக்கு மகுடம் சூட்ட எவருக்கும் மனம் துணியாது. பலனோடு, நோயாளிகள் இடையில் கைவிடாமல் உட்கொள்கிறார்களா என்பதையும் விலையையும் சேர்த்து ஆராய்ந்து, மிதமான மனச்சோர்வுக்கும் கடுமையான மனச்சோர்வுக்கும் சிகிச்சையைத் தொடங்க ஏற்றதாக அவர்கள் சொன்னது, அந்த வரிசையில் நான்காவதாக நின்ற செர்ட்ராலினை.